மாடிக் கூடத்துச் சுவர்

அன்று காலை மாடிக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: போஸ்ட்மாஸ்டர், அவருடைய அக்கா, கடைத்தெருவில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் அவருடைய மருமகன், வேலையை எடுத்துச் செய்த கொத்தனார், பழைய கட்டடங்களைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கும் குழுவிலிருந்து வந்த பேராசிரியர், நகராட்சி இன்ஜினியர் அம்மா, கழுத்தில் கேமரா தொங்க ஒரு போட்டோக்காரர். வேறு ஒருவரும் இல்லை.

போஸ்ட்மாஸ்டர் ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் ஊருக்கு அவர் போஸ்ட்மாஸ்டர்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் முதுகு சாய்மானத்தைத் தொட்டதை யாரும் பார்த்ததில்லை. இன்னொருவர் வீட்டில் காப்பி குடித்தால், அவர்களைத் தன் வீட்டுக்கு அழைத்து ஒரு காப்பி கொடுக்கும்வரை அவருக்கு நிம்மதி இருக்காது. அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டு மாடிப்படியின் மேல்முனையில் நின்று, வந்தவர்களை ஒவ்வொருவராகக் கைகூப்பி உள்ளே அழைத்தார். சம்பந்தி வீட்டாரை வரவேற்பது போல மாமா நிற்கிறாரே என்று மருமகன் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

கூடம் பளபளத்தது. தரையில் முகம் பார்க்கலாம். ஜன்னல்களில் புது அலுமினியச் சட்டம். நான்கு சுவரிலும் தந்த நிறப் பெயிண்ட், அதன் வாசனை இன்னும் போகவில்லை. பேராசிரியர் உள்ளே வந்ததும் நேராக மேற்குச் சுவரைப் பார்த்தார். பிறகு, தவறான அறைக்குள் வந்துவிட்டவர் போல மற்ற மூன்று சுவர்களையும் பார்த்தார். மறுபடி மேற்குச் சுவருக்கு வந்தார்.

"சார், இங்க ஒரு பீரோ இருந்துச்சே. பீரோவுக்குப் பின்னால..."

"கிறுக்கல் எல்லாம் இருந்தது. சுத்தம் பண்ணியாச்சு" என்றார் போஸ்ட்மாஸ்டர். அவர் குரலில் அடக்கிய பெருமை இருந்தது.

அது என்ன கிறுக்கல் என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

அந்த வீட்டைக் கட்டியவர் போஸ்ட்மாஸ்டரின் தாத்தா. மரக்கடை வைத்திருந்தவர். தன் கடைக்கு வந்த மரங்களில் தேறியதையெல்லாம் விற்காமல் ஒதுக்கி ஒதுக்கி வைத்து, மாடிப்படியும் தூணும் உத்தரமுமாக இழைத்தவர். கடைத்தெரு திரும்பும் முனையில் அந்த வீடு மட்டும் மாடியோடு நின்றது. மற்றதெல்லாம் தாழ்வான கூரைகள். ஒரு மழைக்காலத்தில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தபோது, கீழ்த்தெருக்காரர்கள் அத்தனை பேரும் குழந்தை குட்டிகளோடு அந்த மாடிக்குத்தான் ஏறினார்கள். போஸ்ட்மாஸ்டர் அப்போது பிறக்கவில்லை. அக்கா சின்னப் பெண்.

தண்ணீர் வடியும்வரை அவர்கள் மாடியில் இருந்தார்கள். செய்ய வேலை இல்லை, போக வழி இல்லை. யாரோ அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில் எழுத ஆரம்பித்திருக்கிறார். ஒரு பகல் போனால் ஒரு கோடு. தங்கள் பெயர்கள். காணாமல் போனவர்களின் பெயர்கள். தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று ஒரு வரி. ‘இன்று பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே, சின்னக் கைகள் இரண்டைச் சுவரில் அழுத்தி வைத்து விரல்களைச் சுற்றிக் கரியால் கோடு இழுத்திருந்தது. ஒரு கை அக்காவுடையது. இன்னொன்று கீழ்த்தெருவிலிருந்து வந்த, அவள் வயசுப் பெண்ணுடையது.

தண்ணீர் வடிந்து, எல்லோரும் இறங்கிப் போனபின், தாத்தா வெள்ளையடிக்க ஆள் கூப்பிடவில்லை. ஒரு பெரிய பீரோவை நகர்த்தி அந்தச் சுவரை மறைத்தார். "நாம செஞ்சதைச் சுவத்துல எழுதி வச்சு வர்றவங்க போறவங்களுக்குக் காட்டுறதா? நாளைக்கு அவங்க பேரப்பிள்ளைங்க வந்து பார்த்தா கூசிப் போகாது?" என்றாராம். அதன்பின் அந்த வீட்டில் வெள்ளத்தைப் பற்றிப் பேச்சு இல்லை. செய்த உதவியைச் சொல்லிக்காட்டுவது அந்தக் குடும்பத்தில் திருட்டுக்கு ஒரு படி கீழே வைத்து எண்ணப்பட்டது.

வருஷங்கள் போயின. வீட்டில் பலர் பிறந்தார்கள், பலர் போனார்கள். கடைசியில் போஸ்ட்மாஸ்டரும் அக்காவும் மட்டும் மிஞ்சினார்கள். அவர் மனைவி இறந்துவிட்டாள். மகள் கல்யாணமாகி அதே ஊரில் வேறு தெருவில் இருந்தாள். அக்கா இளம் வயதிலேயே கணவனை இழந்து திரும்பி வந்தவள். கண்ணில் புரை விழுந்தபின்பும் கீழே பின்கட்டிலிருந்து மாடி வரைக்கும் ஒரு பொருளிலும் இடிக்காமல் நடப்பாள். "இந்த வீட்டுக்குக் கண்ணு எதுக்குடா? காலுக்கே தெரியும்" என்பாள்.

அப்போதுதான் நகராட்சி கடைத்தெருவை அகலப்படுத்த முடிவு செய்தது. சாலைக்கு அளவு கல் நட்டார்கள். ஒரு கல் போஸ்ட்மாஸ்டர் வீட்டுக் கூடத்துக்கு நேராக விழுந்தது. முன்பக்கம் போனால் உத்தரங்கள் தாங்காது. வீடு முழுதும் இறக்கத்தான் வேண்டும். ஒரே ஒரு வழி இருந்தது. பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடம் என்று குழு பட்டியலில் சேர்த்துவிட்டால், சாலை அந்த வீட்டைச் சுற்றி வளைந்துபோக வேண்டும்.

யாரிடமும் எதுவும் கேட்காத மனுஷன் கேட்டார். "சலுகை இல்ல, உரிமை" என்று மருமகனிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டுக் கேட்டார்.

முதல் முறை குழு வந்தது மழைக்கு முன்னால். அன்றைக்கு வீடு இருந்த நிலையை நினைத்தால் போஸ்ட்மாஸ்டருக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். படிக்கட்டின் கைப்பிடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கூடத்துச் சுண்ணாம்புச் சுவரில் ஈரம் ஏறியிருந்தது. தரையில் இரண்டு மூன்று கல் பெயர்ந்து கிடந்தது. போட்டோக்காரர் இவற்றையெல்லாம் விடாமல் படம் எடுத்தார். தேய்ந்த படியை எடுத்தார், உடைந்த தாழ்ப்பாளை எடுத்தார், மாடியில் பீரோவை நகர்த்தச் சொல்லி அந்தச் சுவரைத் திரும்பத் திரும்ப எடுத்தார். பேராசிரியர் சுவருக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பின்னால் நின்ற போஸ்ட்மாஸ்டருக்குத் தன் அழுக்குத் துணியை யாரோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போல இருந்தது. காப்பி போடச் சொல்லலாம் என்று பார்த்தால் பால் தீர்ந்திருந்தது. அந்தக் குறையும் சேர்ந்துகொண்டது.

கிளம்பும்போது மற்ற இருவரும் வண்டியில் ஏறிவிட்டார்கள். வாசலில் பேராசிரியரும் போஸ்ட்மாஸ்டரும் மட்டும்தான்.

"வீடு இப்படி இருக்கையில நீங்க வந்துட்டீங்க. அடுத்த தடவை இப்படி இருக்காது" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"ஐயையோ, ஒண்ணும் பண்ணாதீங்க சார். எல்லாம் அப்படியே இருக்கட்டும். முக்கியமா மாடியில அந்தச் சுவர், அதை யாரும் தொடக் கூடாது. மழை கழிஞ்சு மறுபடி வந்து பார்க்கிறோம், அப்புறம் கமிட்டி கூடி முடிவு பண்ணிடும்."

"சரி" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

அவர் காதில் அது நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் விருந்தாளி வேண்டாம் என்று சொன்னதை எடுத்துக்கொண்டு சும்மா இருப்பது அந்தக் குடும்பத்தில் இல்லை. சாப்பிட வந்தவர் போதும் என்று இலை மேல் கையை வைத்து மறித்தால் இன்னொரு கரண்டி வைப்பார்கள். தங்க வந்தவர் தரையிலேயே படுக்கிறேன் என்றால் கட்டிலை விட்டுக்கொடுப்பார்கள். பெரிய மனுஷர், நாசூக்கானவர், வீட்டுக்காரன் மனசு நோகக் கூடாது என்று அப்படிச் சொல்கிறார். அழுக்குச் சுவரைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, தொட வேண்டாம் என்கிறார். அதற்காக அடுத்த முறையும் அவரை அந்த அழுக்குக்கு முன்னாலேயே நிறுத்தினால் இவர் என்ன மனுஷன்?

அதே சமயத்தில் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. தூசி ஆகாது, படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் மகள் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். போஸ்ட்மாஸ்டருக்கு அது வசதியாகப் போயிற்று. அக்கா கட்டு அவிழ்த்துத் தெளிந்த கண்ணோடு வரும்போது வீடு புதுசாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். ‘அக்காகிட்ட மூச்சு விடாதீங்க’ என்று மகளிடமும் மருமகனிடமும் சொல்லி வைத்தார்.

மருமகன் தங்கமான ஆள், ஆனால் டைல்ஸ் கடைக்காரர். உலகத்தில் எந்தக் குறையையும் டைல்ஸால் சரி செய்துவிடலாம் என்று நம்புகிறவர்.

"மாமா, தரைக்கு இப்ப புதுசா ஒண்ணு வந்திருக்கு. பளிங்கு தோத்துப் போகும். நம்ம வீட்டுக்குத்தானே, நான் பார்த்துக்கிறேன்."

"விலையைச் சொல்லுங்க மாப்பிள்ளை. சும்மா வாங்கிப் போட்டா நாளைக்கு நான் அந்தத் தரையில நடக்கணுமில்ல?"

பழைய கல்லைப் பெயர்த்தார்கள். மர ஜன்னலைக் கழற்றினார்கள். மாடிச் சுவருக்கு முதலில் வெள்ளை அடித்துப் பார்த்தார்கள். காய்ந்ததும் கரி எழுத்து அடியிலிருந்து மெல்ல மேலே வந்துவிட்டது. இன்னொரு கை அடித்தார்கள். மறுபடியும் வந்தது. கொத்தனாருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இது என்னங்கய்யா, பேய் புடிச்ச சுவரா இருக்கு. எத்தனை தடவை மூடினாலும் எட்டிப் பார்க்குது."

"என்ன பண்ணலாம்?"

"பூச்சையே செதுக்கி எடுத்துட்டு, சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து அடிச்சா எவன் எட்டிப் பார்க்குறான்னு பார்ப்போம்."

போஸ்ட்மாஸ்டர் ஒரு கணம் யோசிக்கத்தான் செய்தார். தாத்தா பீரோ போட்டு மறைத்தாரே தவிர அழிக்கவில்லையே என்று தோன்றியது. ஆனால் இப்போது கேமரா வந்துவிட்டது. கீழ்த்தெருக்காரர்களின் பேரன்மார் இன்று கடை, கார் என்று கௌரவமாக இருக்கிறார்கள். அவர்கள் பாட்டன் இங்கே வந்து ஒண்டிக்கிடந்த கதையைப் படம் போட்டு ஊர் பார்க்க வேண்டுமா? பீரோ போதாது. தாத்தா இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"செதுக்குங்க" என்றார்.

பழைய சுண்ணாம்பு லேசில் விடவில்லை. உளி வளைந்தது. கொத்தனார் வைதுகொண்டே செதுக்கினார். செங்கல் தெரியும்வரை செதுக்கினார்கள்.

அக்கா திரும்பி வந்த நாளில் போஸ்ட்மாஸ்டர் வாசலிலேயே நின்று கையைப் பிடித்து அழைத்துவந்தார். அவள் புதுத் தரையில் கால் வைத்ததும் தயங்கினாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"வழுக்குதாக்கா?"

"இல்லடா. பழகிடும்."

மாடிக்கு ஏறினாள். மேற்குச் சுவருக்கு முன்னால் நின்றாள். தம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பரிசு கொடுத்துவிட்டுப் பிரிப்பதற்காகக் காத்திருப்பவர் போல. அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். புதுக் கண்ணில் தம்பியின் முகச் சுருக்கமெல்லாம் தெரிந்தது. அந்தச் சந்தோஷமும் தெரிந்தது.

"நல்லா இருக்குடா" என்றாள். பேராசிரியர் வாசலில் சொன்னது எதுவும் அவளுக்குத் தெரியாது.

இனி, அவர்கள் மறுபடி வந்த அந்தக் காலைக்கு வரலாம்.

பேராசிரியர் மேற்குச் சுவருக்குப் பக்கத்தில் போனார். கையை வைத்துத் தடவினார். அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் நம்பிக்கை போகவில்லை.

"பெயிண்ட் மட்டும்தானே அடிச்சிருக்கீங்க? அடியில இருக்கும். பதமா சுரண்டி எடுத்துடலாம்."

கொத்தனாருக்குத் தன் வேலையைச் சந்தேகப்படுகிறாரே என்று சுருக்கென்றது. "அடியில ஒண்ணுமே இல்லீங்க சார். செங்கல் வரைக்கும் எடுத்தாச்சு. ஒரு எழுத்து மிச்சம் இருந்தா நான் தொழிலை விட்டுடுறேன்."

மருமகன் சிரித்தார். சிரித்தது தான் மட்டும்தான் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

இன்ஜினியர் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போட்டோக்காரர் கேமராவின் மூடியைப் போட்டுவிட்டார். பேராசிரியர் அந்தத் தரையிலேயே, பளபளத்த டைல்ஸ் மேலேயே, மெல்ல உட்கார்ந்தார்.

"சார், நாற்காலி இருக்கே" என்றார் போஸ்ட்மாஸ்டர் பதறிப்போய்.

"இருக்கட்டும் சார்." பேராசிரியர் மேற்குச் சுவரைக் காட்டினார். "இந்த ஊர்ல வெள்ளம் வந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். யார் யார் போனாங்கன்னு எங்கயும் எழுதி வைக்கலை. ஆபீஸ் எல்லாம் தண்ணிக்குள்ள போயிடுச்சு. இந்த ஒரு சுவர்லதான் அந்தப் பேரெல்லாம் இருந்துச்சு. அன்னைக்கு எடுத்த போட்டோவுல பாதிப் பேரு படிக்க வரலை. இந்த வீட்டைப் பட்டியல்ல சேர்க்கச் சொல்லி நான் எழுதினது இந்தத் தூணுக்காக இல்ல, படிக்காக இல்ல. அந்தச் சுவருக்காக."

போஸ்ட்மாஸ்டருக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது நேராக நின்றார், முன்னைவிட நேராக.

"காப்பி எடுத்துட்டு வரச் சொல்றேன்" என்றார்.

காப்பி வந்தது. பேராசிரியர் குடித்தார். இன்ஜினியர் அம்மாவும் குடித்தாள். அந்த வீட்டுக் காப்பியை ஒருவரும் மறுக்கவில்லை. அவர்கள் கீழே இறங்கும்போது அக்கா மட்டும் கூடத்திலேயே நின்றாள். போஸ்ட்மாஸ்டர் படியிலிருந்து திரும்பிப் பார்த்தார். அவள் உள்ளங்கையை விரித்துப் புதுச் சுவரில், இடுப்பு உயரத்தில், ஒரு இடத்தைத் தேடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே என்ன இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது.

இதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. இன்ஜினியர் அம்மா இரண்டு நாள் கழித்துத் தனியாக வந்தாள். கீழே முன்னறையில் உட்கார்ந்து அக்காவிடமும் போஸ்ட்மாஸ்டரிடமும் விளக்கினாள்.

"சார், விதி இதுதான். தொடக் கூடாதுன்னு சொன்ன பிறகும் வீட்டுக்காரர் மாத்தியிருந்தா, பட்டியல்ல சேர்க்க முடியாது. அதுக்கு மேல பேச்சே இல்ல. ஆனா சொல்லாம விட்டிருந்தா அது எங்க தப்பு. அப்ப மிச்சம் இருக்கிறதை வச்சு முடிவு பண்ணலாம். படி இருக்கு, தூண் இருக்கு, உத்தரம் இருக்கு. முகப்புல ஜன்னல் தவிர வேற எதையும் நீங்க தொடலை. அது போதும், நான் பேசுறேன்."

"பேராசிரியர் என்ன சொல்றார்?"

அவள் தயங்கினாள். "சொல்ல மறந்துட்டேன்னு சொல்றார். கூட்டத்துலயும் அப்படியே சொல்றேன்னார். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

போஸ்ட்மாஸ்டர் எழுந்து அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். அவள் போனபிறகு அக்கா தம்பியின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அவர் சொன்னாராடா?"

"சொன்னார்."

"வேற யார் காதுலயாவது விழுந்துச்சா?"

"நாங்க ரெண்டு பேர்தான் இருந்தோம்."

அக்கா நீளமாக மூச்சு விட்டாள். "அப்ப அவரே சொல்லலைன்னு சொல்றப்ப உனக்கு என்ன? நீ பொய் சொல்ல வேண்டாம். தலையை ஆட்டு, போதும்."

"தலை ஆட்டினா பொய் இல்லையாக்கா?"

"எனக்காக ஆட்டுடா. நான் இதுவரைக்கும் உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல. அந்தக் கை போனதுக்குக்கூட ஒரு வார்த்தை கேட்கலை."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் முதுகு அப்படி வளைந்ததை அக்கா அன்றைக்குத்தான் பார்த்தாள். சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அக்கா அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் மாடிக்குப் போய், புதுத் தரையில் வழுக்காமலிருக்கப் பழைய பாயை விரித்துப் போட்டாள், இன்னும் பல வருஷம் அங்கே நடக்கப் போகிறவள் போல.

கூட்டம் நகராட்சி அலுவலகத்தில் நடந்தது. நீள மேஜை, சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே சத்தம் போடும் மின்விசிறி. அக்காவும் வந்திருந்தாள். குழுத் தலைவர் பேராசிரியரைப் பார்த்துக் கேட்டார்.

"சுவரைத் தொடக் கூடாதுன்னு வீட்டுக்காரருக்குச் சொல்லப்பட்டதா?"

பேராசிரியர் எழுந்து நின்றார். வயசானவர். நாற்பது வருஷம் வகுப்பில் நின்று பேசியவர். மேஜையைப் பார்த்துக்கொண்டே, "இல்லை. நான் சொல்லியிருக்கணும். விட்டுட்டேன். என் கவனக்குறைவு" என்றார்.

குழுவிலிருந்த இளைஞர் ஒருவர், "சார், இவ்வளவு அனுபவம் இருக்கு உங்களுக்கு. ஒரு அரிய சான்று போயிடுச்சு. கவனக்குறைவுன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுறீங்களே?" என்றார்.

பேராசிரியர் தலை குனிந்து நின்றார்.

போஸ்ட்மாஸ்டரால் அதைத்தான் தாங்க முடியவில்லை. தன் வீட்டில் காப்பி குடித்த மனிதர், தன் வீட்டுக்காக ஒரு சின்னப் பையன் முன்னால் தலை குனிந்து நிற்கிறார். அவர் எழுந்துகொண்டார். பக்கத்திலிருந்த அக்கா அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். அவர் அந்தக் கையை மெல்ல விலக்கி, அவள் மடியிலேயே திரும்ப வைத்தார்.

"சொன்னார்" என்றார். "என் வீட்டு வாசல்ல நின்னு தெளிவா சொன்னார். அந்தச் சுவரைத் தொடக் கூடாதுன்னு சொன்னார். நான் கேட்டுட்டு, சரின்னு சொல்லிட்டு, செதுக்கினேன். அவர் மேல தப்பு இல்ல. எல்லாம் நான் செஞ்சது."

"சொன்ன பிறகும் ஏன் செஞ்சீங்க?" என்று கேட்டார் தலைவர்.

போஸ்ட்மாஸ்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். விருந்தாளி வருகிறார்கள் என்று செய்தேன் என்று அந்த அறையில் சொன்னால் எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரிந்தது. சிலர் சிரிப்பார்கள். சிலர் பாவம் என்பார்கள். சிரிப்பையாவது தாங்கலாம்.

"செஞ்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வெளியே வந்தபோது பேராசிரியர் அவருக்காகப் படியில் காத்திருந்தார். "ஏன் சார்?" என்றார். போஸ்ட்மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா அவர்களைத் தாண்டி, யாரையும் பார்க்காமல், ஆட்டோவில் போய் உட்கார்ந்தாள்.

வெயில் காலம் வந்ததும் வீட்டை இறக்கினார்கள். முதலில் ஓடுகளை எடுத்தார்கள், பிறகு உத்தரம். தாத்தா ஒதுக்கி வைத்த மரங்களெல்லாம் தெருவில் வரிசையாகக் கிடந்தன. வியாபாரிகள் வந்து தட்டிப் பார்த்தார்கள். மாடிக் கூடம் கொஞ்ச நாள் கூரையில்லாமல் வானத்தைப் பார்த்து நின்றது. அந்தப் பக்கமாகப் போகிறவர்களுக்கு, தந்த நிறச் சுவர் ஒன்று உயரத்தில் தனியாக, மாசு மருவில்லாமல் வெயிலில் மின்னுவது தெரிந்தது. ஒரு நாள் காலை அதுவும் இல்லை.

அவர்கள் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துப் போனார்கள். மகள் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். அவர் மறுத்துவிட்டார். புது இடத்தில் அக்கா எல்லாவற்றிலும் இடித்துக்கொண்டாள். கதவில், கட்டில் காலில், சமையல் மேடை முனையில். கண் நன்றாகத் தெரிந்தது. கால்தான் தெரியாமல் போயிற்று. முழங்காலுக்குக் கீழே எப்போதும் ஒரு கன்றிய இடம் இருக்கும். போஸ்ட்மாஸ்டர் தைலம் வாங்கி வந்து வைப்பார். அவளே தடவிக்கொள்வாள்.

கூட்டம் நடந்த நாளைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை. ஒரே ஒரு தரம் தவிர. ஒரு சாயங்காலம் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். கீழே அகலமான புதுச் சாலையில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்லிக் காப்பாத்தின வீட்ல நாம இருந்திருக்க முடியுமாக்கா?" என்றார், அவளைப் பார்க்காமல்.

அக்கா தட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டாள்.

"என்னால முடிஞ்சிருக்கும்டா" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலம் முடியும் முன்னால் அக்கா போய்ச் சேர்ந்தாள். துக்கத்துக்குப் பேராசிரியர் வந்தார், இன்ஜினியர் அம்மா வந்தாள், கீழ்த்தெருவிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். அதில் ஒரு கிழவி, அக்காவின் வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, எடுத்துப் போகும்வரை விடவில்லை. அவள் யார் என்று போஸ்ட்மாஸ்டர் கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பார்த்தார். தான் நின்றுகொண்டே இருந்தார்.

சாலைக் கான்டிராக்டரிடம் கை நீட்டிவிட்டுத்தான் போஸ்ட்மாஸ்டர் வேண்டுமென்றே சுவரைச் செதுக்கினார் என்றும், அதனால்தான் கூட்டத்தில் காரணம் கேட்டபோது வாயடைத்து நின்றார் என்றும் கடைத்தெருவில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவர் யாரிடமும் ஒரு காசும் வாங்கவில்லை. வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்று சுவரைச் சுத்தம் செய்தார். அவ்வளவுதான்.